கணக்கில் வராத குதிரை

பத்திரிகையில் உங்கள் படம்
கீழ் மூலையில், ராசிபலனுக்கும்
டயர் விளம்பரத்துக்கும் நடுவே.
பஞ்சிகாவத்தைக் கடையில் ஒரு கிளட்ச் பிளேட்டைச்
சுற்றிக் கொடுக்க எடுத்த தாள் அது.
சுற்றவில்லை. வேறு தாள் தேடினேன்.
வாங்க வந்தவன் அவசரம் என்றான்.

கிளாரன்ஸ் அமிர்தநாதர், விளையாட்டு வர்ணனையாளர்,
வயது எழுபத்தொன்பது.
கிரிக்கெட் என்று போட்டிருந்தார்கள், றக்பி என்று போட்டிருந்தார்கள்.
குதிரை என்ற சொல்லே இல்லை.

எனக்குக் குதிரை என்றால் நீங்கள்தான்.
நான் கிட்டத்தில் பார்த்த ஒரே குதிரை
காலிமுகத் திடலில் ஒரு பொலிஸ்காரரைச் சுமந்தபடி
சாணம் போட்டுக்கொண்டு நின்றது.
உங்கள் குதிரைகள் அப்படி அல்ல.
சித்திரையில் நுவரெலியாவில் புறப்பட்டு
கரகரத்த அலைவரிசையில் இறங்கி
கொட்டாஞ்சேனை புக்கிக் கடைக்குள்
வேர்க்காமல் வந்து சேரும்:
சைலன்ட் பார்ட்னர், ரோயல் மிஸ்டேக்,
மிஸ் ஹப்புத்தளை.

மிஸ் ஹப்புத்தளையை நம்பித்தான்
என் மனைவியின் காப்பு ஒன்று
செட்டியார் தெருவுக்குப் போனது, திரும்பவில்லை.
உங்களைக் குற்றம் சொல்ல முடியாது.
"கடைசியில், இன்னும் கடைசியில்,
அவளுக்கு இன்றைக்கு அவசரம் ஒன்றுமில்லை" என்று
பக்குவமாகத்தான் சொன்னீர்கள்.

ஒருமுறை வென்ற குதிரையின் பெயரை மாற்றிச் சொன்னீர்கள்.
இரண்டு நிமிடம் நான் பணக்காரன்.
அதற்குள் ஒரு பிரிட்ஜ் வாங்கி,
மகளுக்குச் சைக்கிள் வாங்கி, காப்பையும் மீட்டாயிற்று.
பிறகு தொண்டையைச் செருமினீர்கள்.
"நேயர்களே, பிழை என் கண்ணில்.
குதிரைகள் சரியாகத்தான் ஓடின."
கடையில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னான்.
நான்தான் அது.

வெள்ளவத்தைப் பார்மசியில் ஒரு மாலை
வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வழுக்கைத் தலை
"பிரஷர் குளிசை. பாதிக் கார்ட் போதும் தம்பி" என்றது.
பாதி என்ற சொல்லில் குரல் ஒரு படி ஏறியது.
பாதித் தூரம் தாண்டிய குதிரைகளுக்கு ஏறுமே, அதே ஏற்றம்.
எனக்குக் கை சில்லிட்டது.
நீங்கள் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணி வைத்துவிட்டு
குடையை விரித்துக்கொண்டு இறங்கினீர்கள்.
என் முறை வந்தபோது எதற்கு வந்தேன் என்பது மறந்து
ஒரு சித்தாலேப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.
பேசியிருக்கலாம்.
காப்புக் கதையைச் சொல்லியிருக்கலாம்,
சிரித்திருப்பீர்கள்.

நேற்று கனத்தையில் இருபது பேர் இருந்திருப்போம்.
பாதர் நல்ல மனிதர், மழைக்கு முன் முடித்தார்.
அங்கேயும் குதிரை இல்லை.
பஸ் எடுக்க மனமில்லாமல்
பழைய ரேஸ்கோர்ஸ் வரைக்கும் நடந்தேன்.
மாடத்துக்குக் கீழே சப்பாத்துக் கடை, ஐஸ்கிரீம் கடை.
புல்லில் பள்ளிக்கூடப் பையன்கள்
ஒருவன் மேல் ஒருவன் விழுந்து கிடந்தார்கள்.
காவலாளி சிங்களத்தில் என்ன வேணும் என்றான்.
சும்மா, என்றேன், அதே மொழியில்.

சொல்ல வந்தது இதுதான்.
அந்த வருசம் ஓட்டத்தின் நடுவே மூடுபனி விழுந்தது.
வேறொருவர் என்றால் இட்டுக்கட்டியிருப்பார்,
எங்களுக்கா தெரியப்போகிறது?
நீங்கள் சொன்னீர்கள்:
"எனக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை.
குளம்புச் சத்தம் மட்டும் வருகிறது. கேளுங்கள்."
புக்கி முதலாளி எழும்பி விசிறியை நிற்பாட்டினார்.
சத்தம்.
மழைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஏதோ ஒரு சத்தம்.
பிறகு, தாழ்ந்த குரலில்:
"ஒன்று வருகிறது. முன்னால், தனியாக.
முதுகில் ஆள் இல்லை, எங்கேயோ விழுந்துவிட்டார்.
இது கணக்கில் வராது நேயர்களே.
ஆனாலும் எப்படி ஓடுகிறது, பாருங்கள்."

வென்றது எது என்பது மறந்துபோயிற்று.
பாருங்கள் என்றீர்கள், வானொலியில்.
விசிறி நின்ற கடையில்
பதினாறு பேர் வேர்த்து வழிய
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.