மூன்றாவது கிண்ணம்

ராணுவம் எனக்கு உருதுவை
இங்கிலீஷ் எழுத்தில்தான் சொல்லிக்கொடுத்தது.
ஆகவே ஜமுர்ரத் உசேன் எழுதிய புத்தகம்
கைக்கு வந்தபோது
எது முன்னட்டை என்றே தெரியவில்லை.

பிராட்ஃபோர்ட் பஸ் டிப்போ. தேநீர் நேரம்.
கண்டக்டர் இல்யாஸ் தர் வாசிக்கிறார்,
வாசிப்பதைவிட அதிகம் சிரிக்கிறார்.
லாகூரில் ஏழாம் பதிப்பாம்.
ஹவில்தார் கிளார்க்காக இருந்தவன் பெயரைச் சொன்னாலே
இப்போது கல்யாண வீட்டில் சிரிக்கிறார்களாம்.

"அட, ஒரு மதராஸி வருகிறான். பெயர் சவாரி."

நான்தான் அது என்றேன்.
சவரிராயன், சவரிராயன் என்று
எத்தனை முறை சொல்லியிருப்பேன்.
முள்வேலிக்குள் சந்தித்த முதல் நாளே
என் பெயர்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

எபினால் முகாமில் குண்டு விழுந்து
சுவர் வாய்பிளந்த மே மாதம்.
பகலில் புதர், இரவில் நடை.
பதினோராம் இரவு, ஜூரா மலைக்காட்டில்
மணிச்சத்தம் கேட்டுக் கைதூக்கி நின்றோம்.
விடிந்து பார்த்தால்
பசு.
"எங்கள் சரணாகதியை ஏற்றுக்கொண்டு
அம்மையார் தொடர்ந்து மேய்ந்தார்.
காகிதம் எதுவும் கேட்கவில்லை."
டிப்போ விழுந்து விழுந்து சிரிக்கிறது.
நானும்தான். நடந்தது அப்படித்தானே.

"நாங்கள் இருவரும்," என்று தொடர்கிறார் இல்யாஸ்.

இருவரா?
காட்டுக்கும் பசுவுக்கும் நடுவே
பக்கம் திருப்புகிற சத்தம் மட்டும்.
அதற்குள்தான் கிடக்கிறான் பச்சித்தர் சிங்,
ஜமுர்ரத்தின் மேல்கோட்டைப் போர்த்திக்கொண்டு,
எல்லைக்கு இந்தப் பக்கம்.
கோட்டு இல்லாமல் நடுங்கியது மட்டும்
புத்தகத்தில் இருக்கிறது:
"சுவிஸ் குளிர் மரியாதை தெரிந்தது.
கையோடு நிற்காமல்
முழு உடம்பையும் குலுக்கி வரவேற்றது."

பண்ணை வீட்டுக்காரி சைகையில் கேட்டாள்,
எத்தனை பேர்?
ஜமுர்ரத் மூன்று விரல் காட்டினான்,
பழக்கத்தில்.
மூன்று கிண்ணம் உருளைக்கிழங்குச் சூப் வந்தது.
அவன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.
மூன்றாவது ஆறி
மேலே கொழுப்பு வெள்ளையாய் உறைந்தது.
யாரும் தொடவில்லை.

புத்தகத்திலும் மூன்று கிண்ணம்தான்.
குறைக்க மனம் வரவில்லை போலிருக்கிறது.
"மூன்றாவதையும் சவாரியே குடித்துவிட்டு
ரசம் இருக்கிறதா என்றான்."

இல்யாஸ் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.
"நிஜமாகவே ரெண்டு கிண்ணமா, சவாரி?"

மேஸ்திரி விசில் ஊதிவிட்டான்.
டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
ஆமாம் என்றேன்.
நல்ல பசி.