எங்களைப் பற்றி

"முன்னணி நிறுவனம்" என்று தொடங்கச் சொன்னார் ஜெயசீலராஜா.
கொட்பேயில் ஐஸ் அடிப்பது இரண்டே பேர்.
மற்றவரும் முன்னணிதானே, என்றேன்.

"சரி. எண்பத்தாறு முதல் தொடர்ச்சியாக."
தொடர்ச்சியாகவா?
மேசையில் விரல் மடக்கத் தொடங்கினார்:
தொண்ணூறு.
ஜெனரேட்டருக்கு டீசல் விடாத வருசங்கள்,
கடல் உள்ளுக்கு வந்த மார்கழி,
பிறகு இன்னொன்று, அதற்குப் பெயர் சொல்லவில்லை.
இரண்டு கையும் முடிந்தது.
"அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கோ."

எடுத்தேன்.
நோக்கம் என்றொரு பெட்டி, பணி என்றொரு பெட்டி,
வெறுமையாய்க் கிடந்தன இரண்டும்.
பின்கட்டில் நசூர்தீன் கொக்கியால் கட்டிகளை இழுக்க
சீமெந்துத் தரை கீச்சிட்டது.

போன் அடித்தது.
வள்ளம் கரைக்கு வந்திட்டுதாம்,
மீன் எக்கச்சக்கமாம், முப்பது கட்டி கிடக்குமோவாம்.
"வா," என்றார்.
யாரென்று கேட்கவில்லை. விலையும் பேசவில்லை.
முழு நிறுவனமும்
ஒற்றை எழுத்துக்குள் நின்றது.

அதன் பிறகு எழுதினேன்:

துறைமுக வாசலிலிருந்து மூன்றாவது கேற்.
கட்டி ஐம்பது கிலோ, வேண்டுமென்றால் நிறுத்துப் பாருங்கள்.
விடியச் சாமம் மூன்றுக்கும் போன் எடுப்போம்.
கரண்ட் இல்லாத நாளில்
இல்லை என்றே சொல்வோம்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இரண்டு தரம் வாசித்தார்.
"இவ்வளவுதானோ?"
இவ்வளவுதான்.

"படமொன்று போடோணும்."
கமராவைத் தூக்கினேன், கையால் மறித்தார்.
"என்ர மூஞ்சி என்னத்துக்கு?
கேற்றை எடுங்கோ, நீலப் பெயின்ற் தெரிய.
இருட்டுக்குள்ள வாறவன்
அதைத்தான் தேடுவான்."