காரணம் என்ற கட்டம்

பட்டியலில் பதினொரு பேர்.
நாற்பது நாளுக்கு மேல் பள்ளிக்கு வராதவர்கள்.
பெயருக்கு நேரே ஒரு கைபேசி எண்.
பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை.
மீதியில் ஒன்றை எடுத்தவர்
பெரம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார்.
எபினேசர் யாரென்று அவருக்கும் தெரியவில்லை.

அதனால் நடக்கிறேன்.

படிவத்தில் காரணத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு.
வறுமை, நோய், இடம்பெயர்வு, ஆர்வமின்மை, பிற.
ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.
ஆர்வமின்மை என்று அச்சடித்தவர்
விடிகாலை இரண்டு மணிக்கு
தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்டுவிட்டு
ஏழாவது பீரியடில் அல்ஜீப்ரா கேட்டதில்லை போலும்.

யுவஸ்ரீ வீட்டில் பூட்டு.
எதிர் வீட்டில் துணி உலர்த்தியவள் சொன்னாள்:
"அம்மாவுக்குக் கை வெடிச்சுப் போச்சு.
அதான் இது போவுது காசிமேட்டுக்கு, எறா உரிக்க."
வறுமையா, நோயா?
நோய் என்றால் யாருடைய நோய்?
பேனா மூடியைக் கடித்தபடி
அந்தச் சந்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.
ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து நகரச் சொன்னது.

எபினேசரைக் கொருக்குப்பேட்டை கேட்டில் பிடித்தேன்.
பிடித்தேன் என்பது தவறு.
கேட் மூடியிருந்தது,
இருவருக்கும் வேறு வழியில்லை.
தோளில் இருபது லிட்டர் கேன்.
மேலே பள்ளிச் சட்டை, கீழே வேறு யாருடையதோ பேன்ட்.
"மிஸ், நான் வரல" என்றான்
நான் வாயைத் திறக்குமுன்பே.
சரி என்றேன்.

சரக்கு ரயில் வந்தது.
பழக்கதோஷத்தில் பெட்டிகளை எண்ணினேன்.
பத்தொன்பதாவது கடக்கும்போது
அவன் வாய் அசைந்தது.
நீளமாக அசைந்தது.
புழுதி விழுந்தவன் போல
இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டான்.
எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.
தலையாட்டினேன்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள்:
கண்ணைப் பார், குறுக்கே பேசாதே, தீர்ப்புச் சொல்லாதே.
நடுவில் ரயில் வந்தால் என்ன செய்வதென்று
யாரும் சொல்லவில்லை.

திரும்பச் சொல் என்று கேட்டிருக்கலாம்.
இரைச்சல் இருந்ததால்தான் சொன்னான்
என்று அன்றைக்குத் தோன்றியது.
இப்போதும் தோன்றுகிறது.
சில ராத்திரிகளில்
அது நான் தேடிக்கொண்ட சாக்கு என்றும் தோன்றுகிறது.

வியாழக்கிழமை மாலை வகுப்புக்கு வந்தான்.
மாநகராட்சிப் பள்ளி மாடி,
ஒரே ஒரு ஃபேன் ஓடும் அறை.
வாசலோரம், செருப்பைக் கழற்றாமல்.
சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.
நோட்டை வாங்கவில்லை.
அடுத்த வியாழன் வரவில்லை.
அதற்கடுத்த வியாழன் வந்தான்.

அலுவலகத்திலிருந்து போன்:
"காரணம் காலியா இருக்கே மேடம்?"
கேட் மூடியிருந்தது என்றேன்.
அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு
பிற என்று போட்டுக்கொண்டார்.

நேற்று படியிறங்கும்போது ஒருத்தி வழியை மறித்தாள்.
மெஹ்ராஜ். ஒன்பதாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்ச்.
ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவள் என்று
காலைக் கூட்டத்தில் கைதட்டு வாங்கியவள்.
என் எந்தப் பட்டியலிலும் இல்லாதவள்.

"மிஸ், வராதவங்க வூட்டுக்குத்தான் போவீங்களா?"

ஆமாம் என்று வந்ததை விழுங்கினேன்.

"நான் டெய்லி வர்றேன்.
ஏன் டெய்லி வர்றேன்னு யாரும் கேக்கல."

பையைக் கீழே வைத்துப் படியில் உட்கார்ந்தேன்.
இரண்டு படி கீழே அவளும் உட்கார்ந்தாள்,
எனக்கு முதுகு மட்டும் தெரியும்படி.
ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது.
தண்டவாளப் பக்கமிருந்து ஊதல் கேட்டது.
அது போய்த் தீரட்டும் என்று
இருவரும் இருந்தோம்.