பக்கக் கண்ணாடி

திரையில் ஒரு முகம் வரும்.
இரண்டு விநாடி.
என்ன தெரிகிறதோ அந்தப் பட்டனை அழுத்த வேண்டும்:
கோபம், பயம், வருத்தம், அருவருப்பு.
ஒன்றுமில்லை என்றும் ஒரு பட்டன்.

முதலில் வந்தவருக்குச்
சட்டைக் காலரில் ஒரு நூல் பிரிந்திருந்தது.
யாராவது அதைப் பிடித்து இழுத்தால்
காலர் முழுக்கக் கழன்று வருமா
என்று பார்த்துக்கொண்டிருக்கையில்
போய்விட்டார்,
எதையோ என்னிடம் சொல்லிவிட்டு.

இரண்டாவது பெண்ணுக்கு ஒரு காதில் மட்டும் தோடு.
ஏசி டக், டக் என்றது, அப்புறம் நீளமாக ஒரு டக்.
கோபம் என்று அழுத்தினேன்.
மூன்றாவதும் கோபம்.
நான்காவதும்.

பயந்தவர்களைப் பதினோரு முறை
கோபக்காரர்கள் ஆக்கியிருக்கிறேனாம்.
ஜெயநகர் டாக்டர் அம்மாவிடம் சொன்னார்,
மெதுவாக, கன்னடத்தில்,
எனக்குக் கன்னடம் தெரியாது என்பதுபோல.
அப்போது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று
என்னைக் கேட்காதீர்கள்.
அந்தத் தாளை எட்டாக மடித்தாள்.
மடிப்புகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினைந்து வருஷமாகக் கேட்பது:
முகங்கொடுத்துப் பேசுடி.
மூஞ்சியைப் பார்த்தா புரியலையா உனக்கு?
என்னம்மா என்றால்
ஒண்ணுமில்ல.
அதற்குத்தான் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள்.

புரியும். கொஞ்சம் தாமதமாக.
ஸ்பூர்த்தி லேபில் முகம் செத்து நின்றது
அன்றிரவு பல் தேய்க்கும்போது புரிந்தது.
வாயில் நுரையோடு போன் அடித்தேன்.
அவளோ அதற்குள் அழுது முடித்து
எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ஆடுகோடி சிக்னல்.
சிவப்பு. 94.
ஸ்கூட்டரின் பின்சீட்டில் எனக்கு எப்போதும்
அம்மாவின் முதுகுதான்.
வலப்பக்கக் கண்ணாடியில் மட்டும்,
தூசி படிந்த வட்டத்துக்குள்,
ஹெல்மெட்டுக்கும் மாஸ்க்குக்கும் நடுவே
ஒரு கண், ஒன்றரைப் புருவம்.
வாய் இல்லை, தோடு இல்லை, குரல் இல்லை.
88.
புருவம் உள்முனையில் ஏறி நிற்கிறது.
ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டபோதும் இதேதான்;
திட்டப்போகிறாள் என்று
பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.
71.
பக்கத்து டெம்போவில் கோழிகள். பார்க்கவில்லை.
சரி, பார்த்தேன். ஒன்று மட்டும் கறுப்பு.
52.
அம்மா இமைக்கவேயில்லை.
கோபம் வந்தால் இமைக்க மாட்டார்களா?
மாஸ்க் மூச்சுக்கு உள்ளே போய் உள்ளே போய் வருகிறது.
30.
முகங்களுக்கெல்லாம் மேலே இப்படி ஒரு எண் ஓடினால்
நானும் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

அம்மா, பயமா இருக்கா?

கண்ணாடியிலிருந்த கண்
நகர்ந்து நகர்ந்து
என்னைக் கண்டுபிடித்தது.
4. 3.
பச்சை.
அவள் வண்டியைக் கிளப்பவில்லை.
பின்னால் ஒரு பிஎம்டிசி பஸ், நாலு ஆட்டோ,
ஓசூர் வரைக்கும் ஹாரன்.
அது கோபம்தான்.
அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.