உயிரோடு அனுப்புங்கள்

ஃபார்மலினில் போடாதீர்கள் என்று
அறுவை அரங்கின் கதவில்
என் கையெழுத்து ஒட்டியிருக்கிறது.
போன வாரமும் போட்டார்கள்.
ஊறுகாய் மாதிரி வந்தது யாருடைய கன்னமோ.
செத்ததிடம் பெயர் கேட்க முடியாது.

பாபிக்கருடையது உப்புநீரில் வருகிறது.
டாக்டர் இஹ்லாஸ் தானே கொண்டுவருகிறார்,
கையுறையைக்கூடக் கழற்றாமல்.
எல் ஒபைதுக்குத் தெற்கே கடலை போடுகிறவர்.
இரண்டு வருடமாக வலிக்காத வீக்கம்.
சதை என்றார்கள், புற்று என்றார்கள்,
ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள்.
இடது கண் இப்போது
வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல
முன்னால் வந்து நிற்கிறது.

மின்சாரம் இல்லை.
நுண்ணோக்கியின் அடிக்கண்ணாடியை
ஜன்னல் பக்கம் திருப்புகிறேன்.
ஹபூப் அடித்து ஓய்ந்த மதியம்,
வெயில் தேநீர் நிறத்தில் இறங்குகிறது.
ஒரு சொட்டு பொட்டாஷ்.
சதை கரையட்டும்.
கரையாதது யாரென்று பார்ப்போம்.

கணுக்கணுவாய், கவட்டை கவட்டையாய்,
எலும்பிடம் வழி கேட்காமலே
கடந்துபோன இழைகள்.
அழகு என்று சொல்லக்கூடாது.
சொல்லவில்லை.

மிச்சத்தைச் சர்க்கரைக் கூழில் வைக்கிறேன்.
இந்த ஆஸ்பத்திரியில்
அது பிழைக்க வேண்டுமென்று நினைப்பவள்
நான் ஒருத்திதான்,
அதுவும் மூன்று நாளைக்கு.
மூன்றாம் நாள் மஞ்சளும் பச்சையுமாய்ப் பூத்துத்
தன் பெயரைச் சொன்னது.
குறித்துக்கொண்டு
நீராவியில் அவித்துவிட்டேன்.

இஹ்லாஸ் மூக்கு வழியே நுழைந்து
குகை குகையாகச் சுரண்டினார், நாலு மணி நேரம்.
கண்ணை எடுக்கவில்லை.
பிறகு மாத்திரை, காலையும் இரவும், மாதக்கணக்கில்.
முதல் மாதத்துக்கு இரண்டு ஆடு போயிற்று.
வெறும் வயிற்றில் வேண்டாம், புளிப்பாக ஏதாவது குடிக்கட்டும் என்றதற்கு
கர்கதே போதுமா என்று கேட்டாள்
அவர் மனைவி நிமாத்.

பத்து மாதம் கழித்து வந்தார்.
கண் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது,
சற்றுத் தாழ்வாக.
திரும்பி வருமா என்றார்.
வரலாம், நீங்களும் வாருங்கள் என்றார் இஹ்லாஸ்,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

எனக்கென்று ஒரு பை கடலை.
இரவுப் பணியில் உடைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.
ஏழாவதோ எட்டாவதோ,
தோலின் மடிப்பில்
கொஞ்சம் பச்சைத் தூள்.

பெயர் கேட்கவில்லை.
பையின் வாயைக் கட்டிவிட்டுக்
கை கழுவப் போனேன்.