இல்லாத டிரைவில் அறுபத்தொரு வைரஸ்

குருநகர்ச் சங்கத்துக் கொம்பியூற்றர்
மூன்று கிழமையாய்க் கத்திக்கொண்டு கிடந்ததாம்.
கணக்கெழுதும் எமில்டா அக்கா போனில் சொன்னது இவ்வளவுதான்:
"தம்பி, உள்ளுக்கு நானூற்றுப் பதினெட்டு கிடக்காம்.
கெதியா வாங்கோ."

கடற்கரை வீதியால் போனேன்.
பையில் ஒரு பென்டிரைவ், ஒரு திருகாணிச் சாவி, பாதி பணிஸ்.

திரையின் மூலையில் ஒரு கேடயம்.
சிவப்பு, பச்சை, திரும்பவும் சிவப்பு.
எவன் கீறினானோ, நல்ல கைகாரன்,
விளிம்பில் ஒரு மினுக்கமும் விட்டிருந்தான்.
அமத்தினால் எண்ணத் தொடங்கும்:
பன்னிரண்டு, தொண்ணூற்றேழு, இருநூற்று நாற்பது,
கடைசியில் எப்போதும் நானூற்றுப் பதினெட்டு.
றூட்டர் வயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்.
நானூற்றுப் பதினெட்டு.
வெளியே, கூறியில்
ஒரு காலைக்குள் மீன்விலை மூன்றுதரம் மாறியிருந்தது.

பட்டியலை ஆறுதலாய் வாசித்தேன்.
சி டிரைவில் முந்நூற்று ஐம்பத்தேழு.
டி டிரைவில் அறுபத்தொன்று.

"அக்கா, இந்தப் பெட்டியில டி எண்டு ஒண்டு இல்லை."
"இல்லாட்டி?"
"இல்லாத அறைக்குள்ள கள்ளன் நிக்கிறான் எண்டுது."

அவ பேசவில்லை.
ஐஸ் ஆலை மோட்டர் இழுத்து இழுத்து இரைந்தது.

நிப்பாட்டி, திரும்பப் போட்டு,
எஃப் எட்டைக் குத்திக்கொண்டேயிருந்தேன்.
எழும்பியது: கறுப்பாய், எழுத்துப் பெருத்து,
நாலு மூலையிலும் தன் நிலையை எழுதிவைத்துக்கொண்டு,
முகம் கழுவாத ஆள் மாதிரி.
கேடயம் வரவில்லை.

கோப்பு ஒரு ஒதுக்கத்தில் குந்தியிருந்தது.
கே வி கியூ ஸெட் ஆறு.
விசைப்பலகையில் கை தவறி விழுந்த பெயர்.
பிறந்தது ஆவணி பதின்மூன்று, பின்னேரம் இரண்டு பத்துக்கு.

"அண்டைக்கு என்ன செய்தனீங்கள்?"
"டீசல் மானியப் படிவம் தேடினனான்.
ஒண்டு வந்து, உங்கட கொம்பியூற்றர் ஆபத்தில எண்டுது.
வேண்டாம் எண்டதைத்தான் அமத்தினன், தம்பி.
அதுவும் ஓம்தான்."

ரெஜிஸ்ரியில் அதன் வரியைப் பிடுங்கினேன்.
கோப்பை அழித்தேன்.
இன்ரநெற் போகும் பாதையில்
தனக்கென்று ஒரு வளைவு வெட்டிவைத்திருந்தது,
அதையும் நேராக்கினேன்.
பிறகு என் பென்டிரைவிலிருந்து ஒரு மெய்யான ஸ்கான்.
நாற்பது நிமிடம். இடையில் கரண்ட் ஒருக்கால் நின்று வந்தது,
முதலிலிருந்து இன்னும் நாற்பது.
அகப்பட்டது இரண்டு.
ஆரோ கொண்டுவந்து செருகிய பென்டிரைவில் ஒட்டிவந்த அற்பங்கள்.
அவை இரண்டைப்பற்றியும்
கேடயம் ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை.

பில் எழுதக் கொப்பியை எடுத்தபோது
அவ அலுமாரியைத் திறந்து பைலைப் புரட்டினா.
வவுச்சர் இலக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
கொம்பியூற்றர்ப் பாதுகாப்பு,
நாற்பத்தொன்பது டொலர் தொண்ணூற்றைந்து சதம்.
தலைவர் ஒப்பம். பொருளாளர் ஒப்பம்.
துளைபோட்டு நூல் கோத்திருந்தது.

"கட்டிப்போட்டியளோ?"
"தலைவற்ற மகன்ர கார்ட்டால.
பற்றுச்சீட்டுத் தந்தது, தம்பி."
"அந்தக் கார்ட்டை இண்டைக்கே நிப்பாட்டச் சொல்லுங்கோ."

கீழ்த்தட்டில் இன்னொரு பைல்,
கரையெல்லாம் பூச்சி அரித்து.
அதிலும் பற்றுச்சீட்டுகள்தான்.
கடலைக் காக்கிறோமென்று வந்தவர்கள்
படகுக்கு இவ்வளவென்று வாங்கினது,
மங்கின மையில், வேறுவேறு முத்திரையில்.
ஆர் ஆரென்று நான் கேட்கவில்லை.
அவ காலால் கதவைச் சாத்தினா.
"எல்லாரும் துண்டு தந்தவைதான்."

திரை இப்போது வெறும் நீலம்.
அவ அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றா.
"இனி ஒண்டும் சொல்லாதோ?"
"சொல்லாது."
"அப்ப சுகமா இருக்கெண்டு என்னெண்டு தெரியும்?"

பில்லில் 'பாதுகாப்பு' என்று தொடங்கி
'கா'வோடு நிறுத்தினேன்.
வெட்டிவிட்டு, துப்புரவு என்று எழுதினேன்.
ஆயிரத்து ஐந்நூறு.
அவ நூலை அவிழ்த்துக் கோத்தா,
வெட்டின இடத்தில்
என்னை ஒரு ஒப்பம் வைக்கச் சொல்லி.