ஒற்றைக் கையுறைகள்

இசாஃப்யோர்தூர் நீச்சல் குளத்தில்
துவாலை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு.
நவம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
குளித்துப் போகிறவர்கள்
கையுறையை விட்டுவிட்டுப் போவார்கள்.
ஒன்றை. எப்போதும் ஒன்றைத்தான்.

பெட்டி நிரம்பியதும் மேலாளர் ஓட்கெயிர் சொன்னார்:
"எரி, இல்லாவிட்டால் இணையத்தில் போடு."

எரிக்கக் கை வரவில்லை.

நோட்பேட். வெள்ளைத் திரை. என் இரண்டு விரல்கள்.
கோண அடைப்பைத் திற, சொல்லை எழுது,
திறந்ததைச் சாய்கோடு போட்டு மூடு.
தலைப்பை மூட மறந்தேன்.
பக்கம் முழுக்கக் கத்தியது,
சோப்பு விலைகூடத் தலைப்பின் குரலில்.

அப்புறம் என் பெயர், ஹல்ஃப்ரீதுர்.
நடுவில் இருக்கும் இரண்டு எழுத்துகள்
பிரவுசரில் கறுப்புச் சாய்சதுரங்களாகி
உள்ளுக்குள் கேள்விக்குறி காட்டின.
எந்த எழுத்துமுறை என்று
பக்கத்தின் தலையில் ஒரு வரி சேர்த்த பிறகுதான்
நான் நானானேன்.

சில குறிகளுக்கு மூடும் இணை கிடையாது.
வரியை உடைக்கும் குறி,
படத்தை வைக்கும் குறி,
தனியே வந்து வேலையை முடித்துவிட்டு நிற்கும்.
அவற்றை யாரும் பெட்டியில் போடுவதில்லை.

நாற்பத்தொரு கையுறை, நாற்பத்தொரு படம்.
படம் வராவிட்டால் காட்ட
ஒரு வரி எழுதி வை என்றது பாடம்.
ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்து எழுதினேன்:
இடது கை. சாம்பல் கம்பளி.
கட்டைவிரலில் நீல நூல் தையல்,
அவசரத்தில், அல்லது மோசமான வெளிச்சத்தில்.

வெள்ளி இரவு ஏற்றினேன்.
ஃபோல்டரின் பெயரில் முதல் எழுத்து பெரியது,
நான் அடித்ததோ சிறியது.
என் கணினி பொறுத்துக்கொண்டது.
சர்வர் பொறுக்கவில்லை.
நாற்பத்தொரு இடத்திலும்
கிழிந்த காகிதம் போல ஒரு சின்னம்,
பக்கத்தில் என் வரி.

சனி காலை ஃபோன்.
இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு வந்த குரல்.
"படமே தெரியவில்லையே."
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"வெளிச்சம் மோசம்தான்," என்றார்.
"படகில் ஜெனரேட்டர் போய்விட்டது அன்றைக்கு.
ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்."

திருத்த வேண்டியது ஒரே ஒரு எழுத்து.
திங்கள் வரை தொடவில்லை.
இன்னும் நாற்பது பேர்
படிக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.